பாசறை அடுப்பு

சாரணர் பாசறை என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவன கூடாரமும் கொடிமரமும் கயிற்று முடிச்சுகளும், இரவில் வட்டமாக அமர்ந்து பாடும் பாசறைத் தீயுமே. எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது அரிசி மூட்டை. தில்லியில் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு சாரணர் படைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்து, ஆண்டுக்கு ஒரு பாசறையேனும் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைத் துணிந்து கூறுவேன்: பாசறையின் வெற்றி தோல்வி கொடியேற்றத்தில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்திருந்தால் மழையில் நனைந்த கூடாரமும் அவர்களுக்கு மாளிகையாகிவிடும். இதை நான் எந்தக் கையேட்டிலும் படித்து அறியவில்லை; நான் செய்த ஒரு பிழையினால் அறிந்தேன். சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, நெடுநாளாக எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அந்தப் பிழையையே எழுதிவிடலாம் என்று தோன்றிற்று.

நான் தாமிரவருணிக் கரையில் பிறந்தவன். பள்ளி நாட்களில் சாரணனாக இருந்தவன். 1968-இல் மத்திய அரசின் கணக்குத் துறையில் எழுத்தர் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்து சேர்ந்தேன். சில ஆண்டுகளில் சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பும் கிடைத்தது. 1977-இல், நம்மவர் பிள்ளைகள் மிகுதியாகப் பயின்ற பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் எனது பழைய சாரணர் சான்றிதழைப் பற்றி எவ்வாறோ கேள்வியுற்று, "மாலை வேளைகளில் இந்தப் பையன்களைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பார்த்துக்கொள்வது என்னும் சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அப்போது நான் அறியேன்.

படையில் 32 பிள்ளைகள். எட்டுப் பேர் கொண்ட நான்கு அணிகள்: மயில், புலி, யானை, பருந்து. தில்லித் தமிழரின் வாழ்க்கை முழுவதையும் அந்த நான்கு அணிகளில் காணலாம். செயலகத்துப் பெரிய அதிகாரியின் மகன் இருப்பான். அவனுக்குப் பக்கத்தில் என்னைப் போன்ற எழுத்தரின் மகன். அவனுக்கு அடுத்தாற்போல், கரோல் பாக்கில் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்பவரின் மகன். ஒரே நிறச் சட்டை, ஒரே நிற ஸ்கார்ப். வேற்றுமை தெரியாதிருக்கவே சீருடை என்று நான் பெருமையுடன் சொல்லிக்கொள்வது வழக்கம். சீருடையால் மறைந்த வேற்றுமையை என் பேனாவே பிறகு எழுதிக் காட்டியது.

1979-ஆம் ஆண்டு தசரா விடுமுறையில் சிம்லாவுக்கு அருகே தாராதேவி மலைச்சரிவில் நான்கு இரவுகள் தங்கும் பாசறை ஒன்றை ஏற்பாடு செய்தேன். அதற்கு முன்பு நாங்கள் தில்லியைச் சுற்றியே ஓரிரவுப் பாசறைகள் நடத்தியிருந்தோம். வெளியூர் சென்று பல நாள் தங்குவது அதுவே முதல் முறை. கட்டணம் தலைக்கு 40 ரூபாய் என்று வைத்தேன். அதற்கு மேல் போனால் பாதிப் பெற்றோர் தயங்குவர் என்று எனக்குத் தெரியும். ஆகவே செலவின் ஒவ்வொரு காசையும் இறுக்கிப் பிடித்தாக வேண்டியிருந்தது.

பாசறை உணவைத் திட்டமிடுவது ஒரு தனிக் கலை. முதல்வேளைக்குச் சமைக்கவே கூடாது. கூடாரம் அடித்து, அடுப்புக்குக் குழி வெட்டி, தண்ணீர் சுமந்து முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆதலால் முதல் உணவு வீட்டிலிருந்து வரும் புளியோதரைப் பொட்டலம். காய்கறிகளை அவை கெடும் வரிசையிலேயே செலவழிக்க வேண்டும்: முதல் நாள் கீரையும் தக்காளியும், அடுத்து அவரையும் கத்தரியும், முட்டைக்கோசும் பூசணியும் உருளைக்கிழங்கும் கடைசி நாட்களுக்கு. பருப்பு, புளி, மிளகாய்ப்பொடி, ரவை ஆகியவற்றை ஒரே மூட்டையாகக் கொண்டுபோனால் முதல் இரண்டு நாட்களில் தாராளமும் பின் இரண்டு நாட்களில் பஞ்சமும் வரும். வேளைக்கு ஒரு துணிப்பையாகக் கட்டி, மேலே நாளும் வேளையும் எழுதிவிட வேண்டும். பிள்ளைகளில் புலால் உண்பவரும் உண்ணாதவரும் இருந்ததால் அடுப்பில் காய்கறி மட்டுமே என்பது விதி. ஒவ்வோர் அணிக்கும் ஓர் அடுப்பு. பொருள்களை நான் அளந்து கொடுப்பேன். சமைப்பதும் பரிமாறுவதும் அணியின் பொறுப்பு. என்னையும் துணையாசிரியரையும் மூத்த சாரணர் இருவரையும் சேர்த்தால் பெரியவர் நால்வர்; வேளைக்கு ஓர் அணியில் விருந்தினராக உண்போம். ஆக அணிக்கு ஒன்பது இலை; மொத்தம் 36 பேர்.

இவ்வளவையும் முறையாகச் செய்த நான், அரிசிக் கணக்கை எவ்வாறு போட்டேன் என்பதைச் சொல்ல இன்றும் நாணுகிறேன். என் வீட்டில் மாதத்துக்கு ஏறக்குறைய 29 கிலோ அரிசி செலவாயிற்று. நான்கு பேர், நாளுக்கு இரண்டு வேளை. வகுத்தால் தலைக்கு வேளைக்கு 120 கிராம். அந்த 120-ஐ 36-ஆல் பெருக்கினேன். நான்கு கிலோவும் 320 கிராமும் வந்தது. அதை ஏழு வேளையால் பெருக்கினேன். முப்பது கிலோ மூட்டை ஒன்று போதும் என்று முடிவு கட்டினேன். கணக்கு பார்ப்பதற்கு அழகாக இருந்தது.

அதே ஒழுங்குடன் பிள்ளைகளின் பட்டியலையும் எழுதினேன். பெயர், வகுப்பு, முகவரி, கட்டிய தொகை. ஒரு பையனுக்கு மட்டும் கட்டணம் இல்லை என்று நானே முடிவு செய்திருந்தேன். மெஸ் சமையற்காரரின் மகன் அவன். தந்தையார் என்னைத் தேடி வந்து, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நீங்கள் ஒன்றும் தர வேண்டாம். பையனை அனுப்புங்கள், போதும்" என்று சொல்லி அனுப்பினேன். அதில் எனக்குச் சற்று மனநிறைவும் இருந்தது. ஆனால் எங்கள் அலுவலகப் பழக்கம் ஒன்று உண்டு. எந்த விலக்கு அளித்தாலும் அதைச் சிவப்பு மையில் குறித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். கை தன் பழக்கத்தைச் செய்தது. அவன் பெயருக்கு எதிரே 'விலக்கு' என்று சிவப்பில் எழுதி ஒப்பமிட்டேன். பட்டியலின் படி ஒவ்வோர் அணித்தலைவனிடமும் இருக்க வேண்டும் என்பதும் முறை. நான்கு படிகள் எடுத்தேன். நான்கிலும் சிவப்பு மை.

அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை பட்டியலில் எழுதியதே போதும்.

இன்று நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறியிருக்கும் கால்கா மெயிலில் இரவுப் பயணம். விடியலில் கால்காவில் இறங்கி, மலை ஏறும் சிறிய ரயிலில் அமர்ந்தோம். 1903-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். ஒவ்வொரு குகைக்குள் நுழையும்போதும் 32 குரல்கள் ஒன்றாக எழும்பின. பாரோக் நிலையத்தில் வண்டி நின்றபோது எல்லாரும் இறங்கித் தேநீர் குடித்தார்கள். ஒருவன் மட்டும் சாமான்களுக்குக் காவலாக இருக்கிறேன் என்று உள்ளேயே இருந்துவிட்டான். பொறுப்புள்ள பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

தாராதேவி நிலையம் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாங்கள் கூடாரம் அடித்த இடம் அதற்குச் சற்று மேலே, தேவதாரு மரங்களுக்கு இடையே. முதல் இரவிலேயே மலை எங்களுக்கு ஒரு பாடம் கற்பித்தது. நான்கு அடுப்புகளிலும் துவரம்பருப்பு கொதித்தது, ஒரு மணி நேரம் கொதித்தது, இரண்டு மணி நேரம் கொதித்தது, வேகவில்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் நூறு பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது. அவ்வுயரத்தில் 94 பாகையளவில் கொதித்த நீர், எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. இயற்பியல் நூலில் படித்தது எனக்கு நினைவு வந்ததே தவிர, பருப்பை வேகவைக்கும் வழி தெரியவில்லை.

அப்போது பருந்து அணியின் அடுப்புப் பக்கமிருந்து அந்தப் பையன் மெல்ல வந்தான். "சார், முதல்லயே ஊறப் போட்டிருக்கணும். புளியையும் முன்னாடியே விட்டுட்டாங்க. புளி சேர்ந்தா பருப்பு விறைச்சுக்கும். இன்னிக்கு ரசம் மட்டும் வச்சுக்கலாம். நாளைக்குப் பருப்பை இப்பவே நனைச்சு வச்சுடறேன்" என்றான். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அந்த மலையில் அன்றிரவு சமையல் தெரிந்த ஒரே மனிதன் அவன்தான். நான்கு அணிகளின் பருப்பையும் ஊறவைத்தான். சோற்றுப் பானையின் மூடிமேல் கல்லை ஏற்றி, அதைச் சுற்றித் தணலை இட்டு, சோறு பதமாக வேகும் வழியைத் தன் அணியினருக்குக் காட்டினான். வடித்த கஞ்சியைக் கொட்ட விடாமல் உப்பிட்டு மூடி வைத்து, காலையில் குளிரில் நடுங்கி எழுந்தவர்களுக்குச் சூடாக்கிக் கொடுத்தான்.

இரண்டாம் நாள் நண்பகல் உணவு முடிந்ததும் மூன்று அணித்தலைவர்கள் என் கூடாரத்திற்கு வந்தார்கள். "சார், சோறு பத்தலே. அரிசி கொஞ்சம் கூடப் போடுங்க சார்" என்றார்கள். நான் பட்டியலைக் காட்டினேன். தலைக்கு 120 கிராம். வீட்டில் உண்பது எவ்வளவோ, அதுவே இங்கும். அப்படியிருக்க எப்படிப் போதாமல் போகும்? சமைக்கும்போது சிந்துகிறீர்கள், அடியில் தீய விடுகிறீர்கள் என்றேன். பருந்து அணி ஏன் வந்து கேட்கவில்லை என்றும் கேட்டேன். அவர்களிடம் விடை இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அன்றிரவு நான் பருந்து அணியின் விருந்தினன். அந்தப் பையன்தான் பரிமாறினான். எனக்கு இரண்டாம் முறையும் சோறிட்டான். ரசத்தை மறுக்க மறுக்க ஊற்றினான். பந்திக்கு முந்து என்பது பழமொழி. அவனோ பந்திக்குப் பிந்துகிறவன். எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, பானைகளைக் கழுவ எடுத்துச் செல்லும்போது தான் உண்டதாகப் பெயர் செய்துகொண்டான். அவன் எவ்வளவு உண்டான் என்பதைக் காண அங்கே எவரும் இருக்கவில்லை.

பிறகு பாசறைத் தீ. பாட்டும் நாடகமும் முடிந்ததும் நான் எழுந்து, சாரணர் சட்டத்தின் விதிகளில் சிக்கனமும் ஒன்று என்பதை விளக்கிப் பேசினேன். ஒரே அளவு அரிசியில் மூன்று அணிகள் முணுமுணுக்க, ஓர் அணி மட்டும் நிறைவாக உண்டு களித்தது என்றேன். பருந்து அணியின் கொடியில் மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பையன் தட்டவில்லை. தலை குனிந்து தணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகழ்ச்சியால் வந்த வெட்கம் என்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் மலையுச்சியிலுள்ள தாராதேவி கோவிலுக்கு நடைப்பயணம். பாதி வழியில் பருந்து அணியின் வரிசை நின்றது. அந்தப் பையன் ஒரு பாறையின்மேல் அமர்ந்திருந்தான். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை. தலை சுற்றுகிறது என்றான். அணித்தலைவன் என்னைத் தனியே அழைத்து, "அவன் சரியாவே சாப்பிடறதில்லே சார். கேட்டா வயிறு சரியில்லேங்கறான்" என்றான். மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டு, முதலுதவிப் பையிலிருந்த வேர்க்கடலையையும் வெல்லத்தையும் எடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் அவற்றைத் தின்ற வேகத்தைக் கண்டபோதே வயிற்றில் கோளாறு ஏதுமில்லை என்பது விளங்கிவிட்டது.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?"

"கஞ்சி சார்."

"உப்புமா?"

"எல்லாருக்கும் வரணுமே சார்."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. கீழே பள்ளத்தாக்கில் சிறிய ரயில் ஊதிக்கொண்டு போயிற்று. பிறகு அவனே சொன்னான்: "நான் பணம் கட்டலியே சார். லிஸ்ட்ல சிவப்புல போட்டிருக்கு. மத்தவங்க கட்டின காசுல நான் வயிறு முட்டச் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்கூட இல்லை. அலுவலகத்தில் ஒருவர் மற்றொருவருக்குக் கணக்கை விளக்குவது போலவே சொன்னான். அவன் சொன்ன கணக்கில் பிழையும் இல்லை. நான் எழுதியதை எழுதியபடியே படித்திருந்தான். பதினோர் ஆண்டுகள் பிறர் எழுதிய கணக்குகளைத் திருத்தியவன் நான். என் கணக்கில் ஒரு பிள்ளை பட்டினி கிடந்ததைக் காணவில்லை. கண்டு பாராட்டவும் செய்தேன். பருந்து அணிக்குச் சோறு போதியதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று அவன் அறிவு. மற்றொன்று அவன் பசி. நான் கட்டிய மஞ்சள் நாடா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் திகைத்தபோது, ஓர் உண்மை என் மனத்தில் பட்டது. "நானுந்தான் பணம் கட்டவில்லை" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "பெரியவர் நாலு பேருமே கட்டவில்லை. எங்கள் பெயர் பட்டியலிலேயே இல்லை. நேற்று ராத்திரி நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேனே, நீதானே போட்டாய்?"

அவன் சற்று யோசித்தான். பிறகு சிரித்தான். அந்தப் பாசறையில் அவன் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

அன்று மாலை ஷோகி கடைத்தெருவுக்கு நானே இறங்கிச் சென்றேன். வழியில் என் கணக்கைப் புதிதாகப் பார்த்தேன். வீட்டில் நான்கு பேர் என்று வகுத்தேனே, அந்த நால்வர் யார்? நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நான், என் மனைவி, ஏகாதசியும் கிருத்திகையும் தவறாமல் விரதம் இருக்கும் என் தாயார், மூன்று வயதுக் குழந்தை. இவர்களின் சராசரியை எடுத்து, குளிரில் மலை ஏறி விறகு சுமக்கும் வளரும் பிள்ளைகளுக்கு அளந்திருக்கிறேன்! தலைக்கு 60 கிராம் கூட்டினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டேன். மீதமிருந்தவை மூன்று வேளைகள், 36 பேர், ஆறரைக் கிலோ. வெறும் ஆறரைக் கிலோ அரிசி. இதற்காகவே மூன்று அணிகள் என்னிடம் ஏச்சு வாங்கின. ஒரு பிள்ளை மூன்று நாட்கள் அரை வயிற்றோடு பானை கழுவினான். ஏழு கிலோ அரிசியும் உருளைக்கிழங்கும் வெல்லமும் வாங்கி, ஒரு சுமைகாரரின் துணையுடன் மேலே ஏறி வந்தேன்.

அன்றிரவு அரிசியை அளந்து கொடுக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தேன். அவன் தராசை நாடவில்லை. ஒரு கிண்ணத்தால் அளந்தான். அளந்து முடித்த பின் ஒவ்வோர் அணியின் பாத்திரத்திலும் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டான். "இது எதற்கு?" என்றேன். "யாராவது வந்தா சார்" என்றான். என் தாயாரும் உலையில் இடும் முன் ஒரு பிடி கூடுதலாக எடுத்துப் போடுவார். அந்தப் பிடி என் மாதக் கணக்கில் எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்ந்தே வந்திருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை.

மஞ்சள் நாடாவை என்ன செய்வது என்பதே எனக்குப் பெரிய துன்பமாயிற்று. தவறாகக் கொடுத்த பாராட்டைத் திரும்பப் பெறுவதே நேர்மை. ஆனால் காரணம் சொல்லாமல் எப்படித் திரும்பப் பெறுவது? காரணம் சொன்னால் சிவப்பு மையைப் பாசறைத் தீயின் வெளிச்சத்தில் எல்லாரும் படித்ததாகிவிடும். முன்பு அறியாமல் செய்ததை அறிந்தே செய்வதாகிவிடும். ஆகவே நாடா கொடியிலேயே இருந்தது. மற்ற மூன்று அணித்தலைவர்களிடம் மட்டும், "அரிசிக் கணக்கில் தவறு என்னுடையது. உங்களைக் கடிந்துகொண்டது பிழை" என்று சொன்னேன். பட்டியலின் நான்கு படிகளையும் திரும்ப வாங்கி அடுப்பில் இட்டேன். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் மாணவரிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. இது சமாதானம் ஆகாது என்பதையும் அறிவேன்.

பின்னாளில் சாரணர் இயக்கத்தின் வரலாற்றைப் படித்தபோது, உணவுப் பட்டியல் என்பது எவ்வளவு பழைய சோதனை என்பது புலனாயிற்று. பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் பாசறையில் செல்வர் பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்தில் தங்கவைத்தார். அதுவே அந்த இயக்கத்தின் பெருமை. ஆனால் அவருக்குப் புகழ் தேடித் தந்தது, அதற்கு முன் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த மேஃப்கிங் முற்றுகை. அந்த 217 நாட்களில் உணவைப் பங்கிட்டவர் அவர். அங்கே வெள்ளையருக்கு ஓர் அளவும், கறுப்பின மக்களுக்கு அதினும் குறைந்த அளவுமாகப் பங்கீடு நடந்தது என்றும், பசியால் மாண்டவர்கள் பெரும்பாலும் பின்னவரே என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். அதில் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. நம் நாட்டிலும் தொடக்கத்தில் சாரணர் படைகள் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்குமே உரியவையாக இருந்தன. அந்தக் கதவு இந்தியப் பிள்ளைகளுக்குத் திறவாததால்தான் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பல சங்கங்களாகப் பிரிந்திருந்தவை நாடு விடுதலையடைந்த பின், 1950 நவம்பர் 7-இல் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றிணைந்தன. அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருத வேண்டும் என்று விதி எழுதுவது எளிது. அந்த விதியை எழுதிய கையே பங்கீட்டுப் பட்டியலையும் எழுதும்போதுதான் அதன் உண்மை தெரியவரும். பெரியோரின் பட்டியலில் நேர்ந்ததைச் சுட்டிக்காட்ட நான் யார்? என் பட்டியலிலும் இரண்டு மை இருந்தது.

அடுத்த ஆண்டு முதல் முறையை மாற்றினோம். கட்டணம் என்று தொகை குறிப்பதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு ஓர் உறை கொடுப்போம். பெற்றோர் தம்மால் இயன்றதை இட்டு, ஒட்டி, பெயர் எழுதாமல் பள்ளியிலுள்ள பெட்டியில் போட வேண்டும். துணையாசிரியரும் நானும் சேர்ந்து பெட்டியைத் திறந்து மொத்தத்தை மட்டும் எழுதுவோம். நண்பர்கள் பலர் எச்சரித்தார்கள். இயன்றவர்களும் கொடுக்காமல் ஏமாற்றிவிடுவார்கள் என்றார்கள். முதல் ஆண்டு தொகை சற்றுக் குறைந்தது உண்மை. அடுத்த ஆண்டு குறையவில்லை. காலியான உறைகளும் வந்தன; அவை யாருடையவை என்று நான் இன்றுவரை அறியேன். அறியாதிருப்பதற்காகவே அந்த முறை.

அரிசியின் அளவு தலைக்கு வேளைக்கு 180 கிராம் என்று உயர்ந்தது. மலைக்குப் போனால் அணிக்கு ஒரு பிடி கூடுதல். துவரம்பருப்பு முந்திய இரவே ஊறும், இல்லையேல் பாசிப்பருப்பு. பரிமாறுகிறவன் தன் அணியோடு சேர்ந்தே உட்கார்ந்து உண்ண வேண்டும். அவன் இலையில் சோறு விழுந்த பிறகே மற்றவர்கள் கை வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி ஏன் என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள். சாரண மரபு என்று சொல்லிவிடுவேன்.

அந்தப் பையன் மேலும் மூன்று ஆண்டுகள் எங்கள் படையில் இருந்தான். பண்டசாலைப் பொறுப்பு முழுவதும் அவனுடையதே. பிறகு அவன் தந்தையார் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார், குடும்பமும் போயிற்று. எங்கிருந்தாலும் நன்றாக இருப்பான் என்பது என் நம்பிக்கை.

தாராதேவியிலிருந்து திரும்பிய மாலையைச் சொல்லி முடிக்கிறேன். கால்கா நிலையத்தில் தில்லி வண்டிக்கு நேரம் இருந்தது. கையிலிருந்த பணத்தில் எல்லாருக்கும் பூரியும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். நிலைய வாசலில் கடைக்காரர் சுடச்சுட எடுத்துப் போட, பிள்ளைகள் வரிசையாக நின்று உண்டார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று ஒருவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பூரிகளைத் தின்று முடித்த அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் வேறெங்கோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அவன் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரர் இரண்டு போட்டார்; பின்னும் இரண்டு போட்டார்.

ஆறு பூரி. எண்ணியது என் பழக்கம். ஆனால் கணக்கில் எழுதவில்லை.